நரியேந்தல் அரசாங்கம் நடத்திய நாலு மணி நேரம்

நரியேந்தலில் அறுபத்து மூன்று வீடுகள் இருக்கின்றன. புத்தி என்று பார்த்தால் எல்லாம் ஒரே வீடு. அங்கே ஒருவன் தப்பு செய்தால் மற்றவர்கள் திருத்துவதில்லை. அவனைத் தனியாக விட்டுவிட்டோமே என்று வருந்தி, கூடவே போய்ச் செய்வார்கள்.

ஊரின் குடிநீர் மோட்டார் பதினோரு மாதத்துக்கு முன் புகைந்து நின்றுபோனது. அன்றிலிருந்து கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒட்டங்குளத்தில்தான் தண்ணீர் பிடித்தார்கள். ஒட்டங்குளத்து மோட்டார் ரூம் சாவி பிச்சைமணியின் அரைஞாணில் தொங்கும். மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அவர் மோட்டார் போடுவார். முதலில் ஒட்டங்குளத்துக் குடங்கள். மிச்சமிருந்தால் நரியேந்தல் குடங்கள். பெரும்பாலும் மிச்சமிருந்தது. காரணம், பிச்சைமணியின் தங்கை பஞ்சவர்ணத்தை நரியேந்தலில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

இதெல்லாம் நடந்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் காதுகுத்து. இருநூறு பேருக்குச் சாப்பாடு. எட்டு டிரம் தண்ணீர் வேண்டும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். இரண்டுமே ஒட்டங்குளத்திலிருந்து வர வேண்டியிருந்தன.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜெசிந்தா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து நாடக மேடைக்கு முன்னால் இறங்கினாள். தோள்பையும் பேனாவும் வைத்திருந்ததால் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்றாள். பரவாயில்லை டீச்சர் என்றார்கள்.

அவள் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். நாட்டின் பணத்தை எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம், வெளிநாடுகளோடு எப்படி நடந்துகொள்ளலாம் என்று சாதாரண மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கருத்துச் சொல்வதற்கு அந்த நிறுவனம் ஒரு வழி வைத்திருந்தது. ஜெசிந்தா கோலமாவால் தரையில் ஆறு வட்டங்கள் போட்டாள். ராணுவம், வெளிநாட்டு உறவு, ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர். பிறகு பையிலிருந்து நூறு புளியங்கொட்டைகளை எடுத்து ஊர்த்தலைவர் ஆதப்பன் அம்பலத்தின் துண்டில் கொட்டினாள். இதுதான் நாட்டின் மொத்தப் பணம், எல்லாரும் பேசி இந்த வட்டங்களில் பிரித்து வையுங்கள் என்றாள்.

பிரிப்பது நரியேந்தல்காரர்களுக்குப் புதிதில்லை. அய்யனாருக்குக் கிடாய் வெட்டினால் கறியைக் கூறு போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கண்மூடித் திறப்பதற்குள் ஆறு வட்டத்திலும் பதினாறு பதினாறாகக் கூறு விழுந்துவிட்டது. கறியாக இருந்திருந்தால் ஈரலையும் எண்ணியிருப்பார்கள். மிச்சம் நாலு கொட்டை நின்றது. கிடாயில் தலை அம்பலத்துக்குப் போவது வழக்கம் என்பதால் அந்த நாலையும் அம்பலத்திடம் கொடுத்தார்கள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். வறுக்காத கொட்டை, கடிபடவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்தார்.

ஜெசிந்தா குனிந்து கூறுகளை எண்ணிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சமமாக வைத்தால் அது கருத்து ஆகாது, எது முக்கியமோ அதில் கூட வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அடுத்த ஊரில் அவளுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள்.

"நீங்கதான் அரசாங்கம்னு நெனச்சுக்கங்க. அரசாங்கம் என்ன செய்யுமோ அதச் செய்யுங்க" என்றாள்.

"எது வரைக்கும் டீச்சர்?" என்று கேட்டார் அம்பலம்.

"நான் மூணு மணிக்குத் திரும்பி வருவேன். அது வரைக்கும். கொட்டைகளெல்லாம் அந்தந்த வட்டத்துல இருக்கணும், அதான் முக்கியம்."

ஸ்கூட்டி கிளம்பியது. நரியேந்தல் அரசாங்கமாயிற்று.

முதல் அரை மணி நேரம் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அரசாங்கம் எதையும் உடனே செய்யாது என்பது அம்பலத்துக்குத் தெரியும். அடுத்த அரை மணி நேரம் நாற்காலி தேடினார்கள். ஊரில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன, ஒன்றுக்குக் கால் மூன்று. அதில் அம்பலம் உட்கார்ந்தார், பொறுப்பு அதிகம் உள்ளவர் சாய்ந்துவிடாமல் இருப்பார் என்று. மற்ற இரண்டிலும் மிலிட்டரி சாத்தையாவும் பஞ்சவர்ணத்தின் புருஷன் மலைக்கண்ணுவும் உட்கார்ந்தார்கள். சாத்தையா பன்னிரண்டு வருடம் ராணுவத்தில் சட்டைக்குப் பித்தான் தைத்தவர். மலைக்கண்ணு சவுதியில் ஆறு வருடம் ஆடு மேய்த்தவன். உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டதில் ஊருக்குத் திருப்தி.

பஞ்சவர்ணம் நின்றுகொண்டே தன் கருத்தைச் சொன்னாள். எல்லாக் கொட்டையையும் குடிநீரில் போடுங்கள், மோட்டார் வரட்டும், பிறகு ராணுவத்தைப் பற்றி யோசிக்கலாம் என்பது அவள் கருத்து. அது சரியாக இருந்ததால் அதைப் பற்றி யாருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் காதுகுத்து வேலையைப் பார்க்க வீட்டுக்குப் போனாள், அவர்கள் அடுத்ததுக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். உரக்கடை வந்த பிறகுதான் பூச்சி வந்தது, அதனால் ஆஸ்பத்திரி வந்தால் என்ன வரும் என்பதை யோசித்துக்கொள்ளும்படி ஒருவர் எச்சரித்தார். ரோட்டைப் பற்றி இன்னொருவர் சொன்னார், குண்டும் குழியுமாக இருப்பதால்தான் ஊரை விட்டு யாரும் போகாமல் இருக்கிறார்கள் என்று. இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் கூறு போட்டதில் கை வைத்து ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கறியில் அப்படிச் செய்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும்.

சாத்தையா எழுந்து ராணுவ வட்டத்தைச் சுற்றி வந்தார். அதில் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. ராணுவம் என்பது எல்லையில் நிற்பது. இங்கே அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நிற்கிறது. எதிரி ரோட்டுப் பக்கமாக வந்தால் யார் தடுப்பது? அவர் ராணுவ வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு, பஞ்சவர்ணத்தின் வீட்டிலிருந்து கோலமாவு வாங்கி வந்து, ஆறு இடத்தையும் சேர்த்து வெளியே ஒரு பெரிய வட்டம் போட்டார். இப்போது எல்லாக் கொட்டையும் ராணுவத்துக்குள்தான் இருந்தது. எதையும் நகர்த்தாமலே பாதுகாப்புக்குத் தொண்ணூற்றாறு கொட்டை ஒதுக்கியாயிற்று. ஊர் வியந்தது.

மலைக்கண்ணு மட்டும் தாடையைத் தடவினான்.

"ராணுவத்துக்குள்ள ரோடு இருக்கலாம். பள்ளிக்கூடம் இருக்கலாம். வெளிநாடு எப்படிப்பா இருக்கும்?"

"இருந்தா என்ன?" என்றார் சாத்தையா.

"அடுத்த நாட்ட நம்ம ராணுவம் சுத்தி வளச்சு நிக்குது. அதுக்குப் பேரு உறவா? நாளைக்கு எம்மகளுக்குக் காதுகுத்து. இன்னைக்குப் போய் சண்டைய இழுத்து விடுறீங்களே."

இது பெரிய விஷயமாகப் போயிற்று. வெளிநாடு வெளியே இருக்க வேண்டும் என்பதில் அம்பலத்துக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு வெளியே என்பதுதான் கேள்வி. தண்ணீரைத் தாண்டினால் வெளிநாடு என்றான் ஆறு வருடம் அங்கே இருந்தவன். நரியேந்தலில் தாண்டுவதற்கு இருந்தது கண்மாய் ஒன்றுதான். அதில் தண்ணீர் இல்லை. ஆனால் இருந்திருக்கிறது. கண்மாயைத் தாண்டினால் ஒட்டங்குளம்.

அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. வெளிநாட்டு உறவுக்கான பதினாறு கொட்டைகளும் ஒட்டங்குளத்துக்குப் போக வேண்டும்.

இன்னொரு ஊருக்கு எதையும் வெறுமனே கையில் எடுத்துக்கொண்டுபோகும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. தாம்பாளத்தில் கொட்டைகளை வைத்து, மரியாதைக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து சாத்தையாவும் மலைக்கண்ணுவும் புறப்பட்டார்கள். உச்சி வெயிலில் ஒட்டங்குளத்துத் தெருவில் ஆளில்லை. அவர்களுக்குப் பழக்கமான இடம் மோட்டார் ரூம் என்பதால் அதன் வாசற்படியிலேயே கோலமாவால் வட்டம் போட்டு, நடுவில் பதினாறு கொட்டைகளையும் வட்டமாக அடுக்கி, பழத்தை வைத்தார்கள். நாட்டின் சார்பில் வந்தது தெரிய வேண்டுமே என்று சாத்தையா ஒரு வேப்பங்குச்சியை நட்டு, தன் சிவப்புத் துண்டில் ஒரு முழம் கிழித்துக் கொடியாகக் கட்டினார். இருவரும் நிமிர்ந்து வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

மத்தியானத் தண்ணீருக்குக் குடங்களோடு போன பஞ்சவர்ணம் வெறுங்குடங்களோடு வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

ஒட்டங்குளத்து மோட்டார் ரூம் வாசலில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். அண்ணன் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கியிருக்கிறார். அந்தப் படியை யாரும் மிதிக்கக் கூடாது, கோடாங்கி வந்து எடுக்கும் வரை மோட்டார் போடுவதில்லை என்று ஒட்டங்குளம் கூடிப் பேசியாயிற்று. கோடாங்கி வெளியூர் போயிருக்கிறார். சனிக்கிழமைதான் வருவார்.

அரசாங்கம் மிகவும் வருத்தப்பட்டது. நட்பு நாட்டுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அம்பலம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், நாற்காலி விழுந்தது. இதைச் செய்தவன் விளங்கமாட்டான் என்று சாத்தையா சபித்தார். ஊர் ஒரு நிமிடம் மௌனமாக நின்றது.

"எப்படி வச்சிருக்கானுங்க, பார்த்தியா?" என்று கேட்டான் மலைக்கண்ணு.

பஞ்சவர்ணம் சொன்னாள். வெள்ளை மாவில் வட்டம். உள்ளே கறுப்பாகக் கொட்டை. எலுமிச்சம்பழம். சிவப்புத் துணி.

சாத்தையாவும் மலைக்கண்ணுவும் ஒருவரை ஒருவர் கலவரத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா நம்ம வட்டத்துக்குப் பக்கத்துலயே வச்சுட்டானுங்க" என்றார் சாத்தையா.

பஞ்சவர்ணம் குடத்தைக் கீழே வைத்தாள். கோலமாவு டப்பாவைப் பார்த்தாள். சாத்தையாவின் தோளில் குறைந்திருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். நேராகக் கண்மாயில் இறங்கி நடந்து, அரை மணியில் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பிச்சைமணி வந்து நின்றதும் எல்லாரும் எழுந்தார்கள்.

"எந்தப் பயடா என் மோட்டாருக்கு மருந்து வச்சது?"

"மருந்து இல்ல மச்சான், வெளியுறவு" என்றான் மலைக்கண்ணு.

"யாரோட?"

"ஒங்களோடதான். நீங்க வெளிநாடு."

பிச்சைமணி அவன் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒன் பொண்டாட்டி யாரு?"

"பஞ்சவர்ணம்."

"அவ எந்த ஊரு?"

"ஒட்டங்குளம்." மலைக்கண்ணு யோசித்தான். அவன் குரல் தாழ்ந்தது. "ஆறு வருஷம் சவுதியில இருந்தேன். வீட்டுலயே ஒரு வெளிநாட்டுக்காரி இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சு மச்சான்."

கொட்டையை எடு, நான் மோட்டார் போடுகிறேன், அவ்வளவுதான் விஷயம் என்றார் பிச்சைமணி. அரசாங்கம் அதைப் பற்றி ஆலோசித்தது. கொட்டையை எடுத்தால் உறவை எடுத்ததாகிவிடும். உறவை எடுத்தால் காலையில் தாய்மாமன் எந்த உறவில் வந்து உட்காருவார்? எடுக்காவிட்டால் தண்ணீர் கிடையாது. அதோடு கொட்டைகள் அந்தந்த வட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்.

வழியைச் சொன்னவர் அம்பலம். கன்னத்தில் நாலு கொட்டை இருந்ததால் அவர் பேச்சு எப்போதையும்விட நிதானமாக வந்தது.

"உறவு மோட்டார் ரூம்பு கூடயா? பிச்சைமணி கூடத்தானே? அவரு எங்க நிக்கிறாரோ அதுதான் ஒட்டங்குளம். கொட்டைய இங்க கொண்டாந்து அவரச் சுத்தி வச்சுட்டா, வெளிநாட்டுலயும் இருக்கும், கண்ணு முன்னாடியும் இருக்கும்."

இதற்கு மேல் ஒரு யோசனை இருக்க முடியாது என்று எல்லாருக்கும் பட்டது. மலைக்கண்ணு ஓடிப்போய் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். சாத்தையா தன் ராணுவ வட்டத்துக்கு வெளியே பிச்சைமணியை நிறுத்தி, சுற்றி வட்டம் போட்டார். மூன்று மணி வரை நகரக் கூடாது, அதற்குப் பிறகு எத்தனை டிரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. தங்கை கண்ணைக் கசக்கியதால் பிச்சைமணி ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தார். நரியேந்தலில் அதுவரை அவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

நல்ல வெயில். பிச்சைமணி குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஊரில் ஒரு சொட்டு கிடையாது. சாவி இவர் இடுப்பில் இருக்கிறது.

பஞ்சவர்ணம் வட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஊரில் கொஞ்சம் புத்தி உள்ளவள் என்று பெயரெடுத்தவள் அவள்தான். ஆனால் எட்டு வருடம் என்பது நீண்ட காலம்.

"அண்ணே, ஒட்டங்குளத்துக் கொடத்துக்குத்தானே மொதல்ல தண்ணி?"

"ஆமா."

"நீ நிக்கிற வட்டம் ஒட்டங்குளம். அதுக்குள்ள வச்ச கொடம் எந்த ஊருக் கொடம்?"

பிச்சைமணி பதில் சொல்வதற்குள் அவள் நாலு குடங்களை வட்டத்துக்குள் வைத்து, தானும் நுழைந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறந்த ஊருக்குப் போக அவளுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஊர் இதைக் கவனித்தது. பஞ்சவர்ணத்தின் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு குடங்களோடு வந்தாள். அவளுடைய பாட்டனார் ஒட்டங்குளத்தில் ஒரு மாடு வாங்கியிருக்கிறார். மலைக்கண்ணு, பெண்டாட்டி இருக்கும் இடத்தில்தான் நான் என்று எட்டு டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்தான். இடம் போதவில்லை. சாத்தையா வட்டத்தைப் பெரிதாக்கினார். குடங்கள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், சாத்தையா மறுபடி பெரிதாக்கினார். ஒரு கட்டத்தில் வெளிநாடு ராணுவத்தையே விழுங்கிவிட்டது. ராணுவத்துக்குள் இருந்த ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் உள்ளே போயின. பிறகு நாடக மேடை போயிற்று. பிறகு அம்பலத்தின் வீடு இருக்கும் மேலத்தெரு. இரண்டே முக்காலுக்கு சாத்தையா கோலமாவைத் தூவிக்கொண்டே ஊரைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டார். கடைசியாகத் தானும் உள்ளே குதித்தார்.

வெளியே நின்றது அம்பலம் ஒருவர்தான். மொத்த அரசாங்கமும் அவரே. கால்மணி நேரம் அவர் தனியாக அரசாண்டார். கருத்துச் சொல்வதும் அவர், அதை மறுப்பதும் அவர், பிறகு இரு தரப்பையும் சமாதானம் செய்வதும் அவர். அந்தக் கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் மூன்று கால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

ஜெசிந்தா வந்தாள். வெயிலில் அவள் முகம் கறுத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

"நாங்க எதும் சொல்றது மொறயில்ல டீச்சர்" என்றார் அம்பலம் மரியாதையாக. "நாங்க ஒட்டங்குளம். ஊர்க்காரங்க யாராச்சும் வந்தா கேட்டுக்கங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அதே முகங்கள். அதே நாடக மேடை. கேள்வி கேட்கும் தெம்பு அவளிடம் இல்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள்.

பிச்சைமணி சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மூணு மணி ஆயிடுச்சு, நான் போய் மோட்டார் போடுறேன் என்று எழுந்தார். மலைக்கண்ணு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். ஒட்டங்குளத்தில் தண்ணீர் போடுவதற்கு ஒட்டங்குளத்தை விட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். வெயில் தலைக்கேறியிருந்த பிச்சைமணிக்கு அது நியாயமாகப் பட்டது.

பஞ்சவர்ணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டு டிரம்மும் காய்ந்து கிடந்தது. அவள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

"நாமளா தேடி வந்து நரியேந்தல்காரங்க ஊருல ஒக்காந்திருக்கோம். அந்தப் பிள்ளையும் வெயில்ல வந்து நிக்குது. வந்தவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கணும்னு இந்த ஊருல ஒரு ஆளுக்குத் தோணுச்சா?"

எல்லாருக்கும் சுருக்கென்றது. எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறோம், இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை என்றார் சாத்தையா. சவுதியில்கூட ஆட்டுக்காரனுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்றான் மலைக்கண்ணு. இந்த ஊரில் போய்ப் பெண்ணைக் கொடுத்தோமே என்று பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டார்.

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். இதை இப்படியே விடக் கூடாது, இந்த ஊர் அம்பலத்தைப் பார்த்து நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மேலத்தெருவில் நாலாவது வீட்டின் கதவை மூன்று முறை தட்டினார். அம்பலம், அம்பலம் என்று கூப்பிட்டார். மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"ஆளு வீட்டுல இல்ல" என்றார். "நாம வர்றது தெரிஞ்சு எங்கயோ போய் ஒக்காந்துக்கிட்டான்."